வன்னியில் சர்வதேச மாநாடு: ஏற்பாட்டு அணியும் தொழில்நுட்ப அணியும் யார் பொறுப்பில்?

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. வவுனியா பம்பைமடு வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் ஆகிய பாசனக் குளங்கள் என்று, வறண்ட வலய நீர்ப்பாசனத்தைப் படிக்க வருகிறவர்கள் நேரில் பார்க்கவேண்டியவை எல்லாம் இந்த நிலத்தில்தான் உள்ளன. அப்படியிருக்க, அந்தத் துறையின் பெரிய மாநாடு ஒன்றை வன்னியிலேயே நடத்தினால் என்ன என்ற பேச்சு எழும்போதெல்லாம், மண்டபம் போதாது, விடுதி போதாது என்ற மறுப்பே முதலில் வருகிறது. அவை உண்மையான குறைகள்தான். முன்கூட்டியே தெரிந்த குறைகள் என்பதால் அவற்றுக்கு வழி தேடவும் முடியும். மாநாட்டை நடுவில் குழப்புவது வேறொன்று. ஆட்களை ஏற்றி இறக்கி, தங்கவைத்து, உணவு கொடுக்கும் ஏற்பாட்டு அணியும், மின்சாரம், ஒலி, உரைபெயர்ப்பு, இணையம் ஆகியவற்றைக் கவனிக்கும் தொழில்நுட்ப அணியும் ஒன்றன் நிலைமை மற்றதற்குத் தெரியாமல் வேலை செய்வதே அந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

கணக்குக்காக 600 பேராளர்கள், நான்கு நாள்கள், ஒரு பிரதான மண்டபம், நான்கு சிறு அரங்குகள், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் உடனுக்குடன் உரைபெயர்ப்பு, வெளிநாட்டில் இருப்போருக்கு நேரலை என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவிலான மாநாட்டுக்கு மூன்று வழிகள் உள்ளன. கொழும்பில் இயங்கும் நிகழ்வு முகாமைத்துவ நிறுவனம் ஒன்றிடம் முழுவதையும் ஒப்படைப்பது ஒரு வழி. பல்கலைக்கழகமும் ஊரும் சேர்ந்து, குழுக்களாகப் பிரிந்து, தாமே செய்வது இன்னொரு வழி. தொழில்நுட்பத்தின் கடினமான பகுதியை மட்டும் வெளியிலிருந்து அமர்த்தி, மற்ற வேலைகளை உள்ளூரில் வைத்துக்கொண்டு, இரு தரப்பையும் ஒரே ஒருங்கிணைப்பாளரின் கீழ் ஒரே அறையில் இருத்துவது மூன்றாவது வழி. பேராளர் தொகை 1,500 ஐத் தாண்டுமானால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 1973 இல் திறக்கப்பட்டு, 1976 இல் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாட்டைத் தாங்கிய கொழும்புப் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபம் போன்ற ஓரிடத்தில் அமர்வுகளை நடத்திவிட்டு, கள ஆய்வுக்கு மட்டும் இங்கு வருவதே அப்போது சரியான முடிவாக இருக்கும்.

கொழும்பு நிறுவனத்திடம் முழுப் பொறுப்பு

இந்த வழியின் பலம் தெளிவானது. ஓர் ஒப்பந்தம், ஒரு கணக்கு, பதில் சொல்ல ஒருவர். நல்ல நிறுவனமாக இருந்தால் அதன் ஒலிப்பொறியாளர்களும் மேடை முகாமையாளரும் ஏற்கனவே பல மாநாடுகளில் சேர்ந்து வேலை செய்தவர்களாக இருப்பார்கள். ஒருவர் கண்ணைக் காட்டினால் மற்றவருக்கு விளங்கும். கருவிகளுக்குக் காப்புறுதி இருக்கும். வெளிநாட்டிலிருந்து தற்காலிகமாகக் கொண்டுவரப்படும் கருவிகளுக்கான சுங்க ஆவணங்களையும், கம்பியில்லா ஒலிவாங்கிகளின் அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் பெறவேண்டிய அனுமதியையும் அவர்களே கவனிப்பார்கள். முதன்முறையாக இறங்கும் ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்கு இந்த அனுமதி வேலைகளே மூச்சுத் திணறவைக்கும் என்பதை மறுக்கமுடியாது.

பலவீனம் தூரத்திலிருந்து தொடங்குகிறது. கொழும்பிலிருந்து கிளிநொச்சி சுமார் 330 கிலோமீற்றர். கொழும்பில் ஒலிபெருக்கி ஒன்று பழுதானால் இரண்டு மணி நேரத்துக்குள் களஞ்சியத்திலிருந்து மாற்று வந்துவிடும். இங்கே அது அடுத்த நாள் காலையில்தான் வரும். ஆகவே மாற்றுக் கருவிகள் அனைத்தும் முதல் லொறியிலேயே ஏறவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், நிறுவனத்தின் அனுபவம் முழுவதும் பயனற்றுப்போகும். இரண்டாவது விடயம் தங்குமிடம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வெளிநாட்டவரைத் தங்கவைக்கக்கூடிய அறைகள் எண்ணிக்கையில் குறைவு. நாற்பது தொழில்நுட்பவியலாளர்கள் வந்து அவற்றில் பாதியை நிரப்பினால், பேராளர்களை யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்பவேண்டிவரும். செலவு மதிப்பீட்டில் இந்த நட்டம் எந்த வரியிலும் தெரியாது.

அதைவிடப் பெரியது ஊரறிவு இல்லாமை. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலும், ஆடி, ஆவணியில் மடுமாதா திருவிழாக்களும் வரும்போது, வன்னியில் வாடகைக்குக் கிடைக்கும் பந்தல், மின்பிறப்பாக்கி, தண்ணீர்த் தாங்கி, பஸ் எல்லாம் அங்கேதான் நிற்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓர் அறை எடுப்பதும் கடினம். கொழும்பில் நாள்காட்டியைப் பார்த்துத் திகதி குறிக்கிறவருக்கு இவை வெறும் விடுமுறைகள். மாரியும் அப்படித்தான். 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைப் பார்த்த எவரும் கார்த்திகை, மார்கழியில் 600 விருந்தினரை இங்கே அழைக்கத் துணியமாட்டார்கள். மாசி, பங்குனி மாதங்களே என் கணிப்பில் உகந்தவை. மழை ஓய்ந்திருக்கும், குளங்களில் நீர் இருக்கும், வெயிலும் உச்சத்தை எட்டியிராது.

நாமே குழுக்களாகப் பிரிந்து செய்வது

இது நம்மவர்களுக்கு மிகப் பழகிய முறை. போக்குவரத்துக் குழு, உணவுக் குழு, மண்டபக் குழு, வரவேற்புக் குழு, தொழில்நுட்பக் குழு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த விரிவுரையாளரைத் தலைவராக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்ஸ்அப் குழுவைத் திறந்துவிடுவோம். செலவு மிகக் குறைவு, ஆர்வம் மிக அதிகம். ஊர்மக்களின் உழைப்பை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்கித் தரமுடியாது. பொறியியல் பீட மாணவர் ஒருவர் மாநாட்டு மின்பகிர்வை வரைபடம் போட்டு நடைமுறைப்படுத்திப் பார்த்தால், அந்த அனுபவம் மாநாடு முடிந்த பின்னும் இந்த மண்ணிலேயே நிற்கும். முதல் வழியில் லொறிகள் திரும்பும்போது அறிவும் சேர்ந்து திரும்பிவிடுகிறது.

ஆயினும் இந்த முறையில் குழுக்களுக்கிடையே உள்ள இடைவெளி யாருடைய பொறுப்பும் அல்ல. உரைபெயர்ப்பாளரை எடுத்துக்கொள்வோம். அவர் தொழில்நுட்ப அணியின் ஆள். அவருடைய அறையும் உணவும் வாகனமும் ஏற்பாட்டு அணியின் கையில் உள்ளன. அவருக்கு முந்தின நாளே கிடைக்கவேண்டிய உரைப் பிரதி நிகழ்ச்சிக் குழுவிடம் இருக்கிறது. உடனுக்குடன் உரைபெயர்ப்பது மூளையைப் பிழியும் வேலை என்பதால், உரைபெயர்ப்பாளர் அமரும் ஒலி தடுத்த கூண்டு ஒன்றில் இருவர் இருந்து ஏறத்தாழ அரைமணிக்கொருமுறை மாறிக்கொள்வார்கள். இந்த விளக்கம் ஏற்பாட்டு அணிக்குப் போய்ச் சேராவிட்டால், இருவரில் ஒருவர் தேவைக்கு மிஞ்சியவர் என்று எண்ணி ஒரு வாகனத்தைக் குறைத்துவிடுவார்கள். இருவர் அமரும் நகர்த்தக்கூடிய கூண்டு குறைந்தது 1.60 மீற்றர் அகலமும், 1.60 மீற்றர் ஆழமும், 2 மீற்றர் உயரமும் உடையதாக இருக்கவேண்டும் என்று ஐஎஸ்ஓ 4043 நியமம் கூறுகிறது. மூன்று கூண்டுகள் மண்டபத்தின் பின்புறத்தில் நின்றால் அத்தனை கதிரைகள் குறையும். கதிரைக் கணக்கு வைத்திருப்பவர் மண்டபக் குழுத் தலைவர். கூண்டின் அளவு தெரிந்தவர் தொழில்நுட்பக் குழுவில் இருக்கிறார். இருவரும் முதன்முதலில் சந்திப்பது மாநாட்டுக்கு முந்தின மாலையாக இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு குறையை வெளிப்படையாகப் பேசவேண்டும். நம் மேடைகளில் மங்கல விளக்கேற்றலும், மாலை மரியாதையும், பொன்னாடை போர்த்தலும் உண்டு. அவை வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நிகழ்ச்சி நிரலில் பத்து நிமிடம் என்று எழுதிய மரியாதை நாற்பது நிமிடமாக நீளும்போது, ஒலிப்பலகைக்கு முன்னால் இருக்கும் இருபத்திரண்டு வயது இளைஞரால் பேராசிரியரைப் பார்த்து "சேர், நேரம் முடிஞ்சுது" என்று சொல்லமுடியாது. அந்த நாற்பது நிமிடத்தில் நேரலைக்காக வேறொரு நாட்டில் காத்திருக்கும் பேச்சாளர் இணைப்பைத் துண்டித்துவிடலாம், உரைபெயர்ப்பாளரின் மாற்றுமுறை குலையலாம், மதிய உணவு ஆறிவிடலாம். நேரத்தைக் கையில் பிடித்திருப்பவருக்கு வயதோ பதவியோ எழுத்தில் கொடுத்த அதிகாரமோ இருக்கவேண்டும். தனித்தனிக் குழு முறையில் அப்படியொருவர் இல்லை. குழுத் தலைவர்கள் எல்லாரும் சமம்.

பாதுகாப்பும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 1974 ஜனவரி 10 அன்று யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் திறந்தவெளியில் கூடியிருந்த மக்கள்மீது காவல்துறை பாய்ந்ததும், மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போனதும் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வரலாறு. அந்தப் பழி ஏற்பாட்டாளர்களுடையதன்று. ஆனால் மூடிய மண்டபத்தில் நடக்கும் மாநாட்டின் இறுதிப் பொதுக்கூட்டத்துக்கு ஊரே திரண்டுவரும் என்பதும், மேலே செல்லும் மின்கம்பிகளின் கீழே மக்களை நிறுத்தக்கூடாது என்பதும், காவல்துறை, மின்சார சபை, ஏற்பாட்டுக் குழு மூன்றிடமும் அன்று பேசும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும் என்பதும், தமிழர் நடத்தும் எந்த மாநாடும் மறக்கக்கூடாதவை.

ஒரே அறை, ஒரே நேர அட்டவணை

இனி மூன்றாவது வழி. நான் பரிந்துரைப்பது இதைத்தான். உரைபெயர்ப்புக் கருவிகள், பிரதான மண்டபத்தின் ஒலி, நேரலை ஆகிய மூன்றுக்கும் அனுபவமுள்ள அணி ஒன்றைக் கொழும்பிலிருந்து கூலிக்கு அமர்த்தலாம். அவர்கள் பதினைந்து பேருக்கு மேல் தேவைப்படமாட்டார்கள். மின்சாரம், சிறு அரங்குகளின் ஒலி, பஸ், உணவு, தங்குமிடம், கள ஆய்வு எல்லாம் உள்ளூர்க் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு கொழும்புத் தொழில்நுட்பவியலாளரின் அருகிலும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உதவியாளராக இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.

இந்த முறை வன்னிக்குப் புதியது என்று சொல்பவர்கள் மடுத் திருவிழாவுக்கு முன் மன்னார் மாவட்டச் செயலகத்திலும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவிலும் நடக்கும் முன்னாயத்தக் கூட்டங்களை நினைத்துப் பார்க்கலாம். போக்குவரத்துச் சபை, நீர்வழங்கல், சுகாதாரம், காவல்துறை, மின்சார சபை, பிரதேச சபை எல்லாரும் ஒரே மேசையில் இருந்து, யார் எதை எப்போது செய்வது என்று முடிவெடுத்து எழுதிக்கொண்டு எழும்புகிறார்கள். பெருந்தொகையான பக்தர்களை வருடந்தோறும் இப்படிக் கையாளும் மண்ணுக்கு 600 பேராளர்கள் பாரமல்ல. திருவிழாவில் இல்லாத தேவை ஒன்றே ஒன்று மாநாட்டில் உண்டு: அந்த மேசை மாநாட்டு நாள்களிலும் கலையாமல் இருக்கவேண்டும். மண்டபத்துக்கு அருகே ஓர் அறை, சுவரில் பெரிதாக எழுதிய ஒரே நேர அட்டவணை, போக்குவரத்து, உணவு, மின்சாரம், ஒலி, உரைபெயர்ப்பு, இணையம் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர், அவர்களுக்கு மேலே ஒருங்கிணைப்பாளர். நேரத்தை மாற்றும் அதிகாரம் அந்த ஒருங்கிணைப்பாளருக்கு மட்டுமே. துணைவேந்தரோ அமைச்சரோ கேட்டாலும் அவர் மூலமாகவே மாற்றம் நடக்கும் என்பதை அழைப்பிதழ் அச்சாகும் முன்பே எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கவேண்டும்.

இதன் பயன் ஒரு காலைப்பொழுதைப் பார்த்தாலே விளங்கும். பேராளர்களில் 300 பேர் யாழ்ப்பாணத்தில் தங்குகிறார்கள் என்று கொள்வோம். 45 இருக்கைகள் கொண்ட ஏழு பஸ்கள் தேவை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி சுமார் 65 கிலோமீற்றர் என்றாலும், விடுதி விடுதியாக ஆட்களை ஏற்றி, ஆனையிறவைக் கடந்து, மண்டப வாசலில் இறக்க இரண்டு மணி நேரத்தை ஒதுக்கவேண்டும். ஐந்தாவது பஸ் சாவகச்சேரியில் சில்லுக் காற்றுப்போய் நிற்கிறது. அன்றைய முதற் பேச்சாளர் அதில்தான் இருக்கிறார். தனித்தனிக் குழு முறையில் இந்தச் செய்தி போக்குவரத்துக் குழுவின் வட்ஸ்அப்பில் மட்டும் கிடக்கும். ஒரே அறை முறையில் போக்குவரத்துக்காரர் தலையைத் திருப்பிச் சொன்னவுடன், இரண்டாம் உரை முதலுக்கு நகரும், உரைபெயர்ப்புக் கூண்டுக்கு அந்த உரையின் பிரதி போகும், நேரலையில் தலைப்புப் பலகை மாறும். பேச்சாளரின் படக்கோப்பு முந்தின இரவே பெறப்பட்டிருந்தால், அவர் இறங்கி நேரே மேடைக்கு ஏறலாம்.

மின்சாரத்தில் இரு அணிகளும் உரசும் இடங்கள் இன்னும் அதிகம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும், 2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டும் டீசல் தட்டுப்பாடும் ஒன்றாக வந்ததையும் கண்டவர்கள் நாம். ஆகவே மின்பிறப்பாக்கி வேண்டுமா என்பதில் விவாதமில்லை. எத்தனை என்பதில்தான் வேறுபாடு. செலவைப் பார்க்கும் ஏற்பாட்டு அணி ஒரு பெரிய மின்பிறப்பாக்கியை எடுக்க விரும்பும். தொழில்நுட்ப அணி இரண்டைக் கேட்கும். கேட்பதில் நியாயம் உண்டு. குளிரூட்டியின் அழுத்தி இயங்கத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே இணைப்பில் இருக்கும் கணினிமய ஒலிக்கலவைப் பலகை அந்த ஒரு கண அழுத்த வீழ்ச்சியில் அணைந்து, மீண்டும் தொடங்கும். அது எழுந்து நிற்கும்வரை மண்டபம் ஊமையாக இருக்கும். ஆகவே குளிரூட்டிக்கும் விளக்குக்கும் பெரியது ஒன்று, ஒலிக்கும் உரைபெயர்ப்புக்கும் இணையத்துக்கும் சிறியது ஒன்று, இந்தச் சிறியதற்கும் கருவிகளுக்கும் நடுவில் மின்கலத் தாங்கி (யூபிஎஸ்) என்று பிரிக்கவேண்டும். மின்சார சபையின் மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி பாரத்தை ஏற்கும்வரை செல்லும் சில வினாடிகளை அந்த மின்கலம் கடத்திவிடும். மின்பிறப்பாக்கியை எங்கே வைப்பது என்பதை ஊரார் சொல்லவேண்டும். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் மாநாடு நடந்தால், மண்டபத்தின் வடகிழக்கில் வைத்தால்தான் இரைச்சலும் புகையும் உள்ளே வராது. கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது புவித்தொடுப்புக் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்கவேண்டும் என்பதும் இங்கே வயரிங் வேலை செய்தவருக்கே தோன்றும்.

உரைபெயர்ப்பு ஒலியைப் பேராளரின் காதுக்குக் கொண்டுசெல்ல அகச்சிவப்புக் கதிர் முறை, வானொலி அலை முறை என இரண்டு உள்ளன. அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது; எனவே நான்கு அரங்குகள் அருகருகே இருந்தாலும் ஒன்றின் ஒலி மற்றதில் கலக்காது. ஆனால் நேரடி வெயில் அதைக் கெடுத்துவிடும். பக்கங்கள் திறந்த பந்தலிலோ பெரிய யன்னல்கள் உள்ள மண்டபத்திலோ அதை நம்பக்கூடாது. திரைச்சீலை போடுவது ஏற்பாட்டு அணியின் வேலையாகிறது. இப்படி ஒவ்வொரு தொழில்நுட்பத் தெரிவும் மறுபக்கத்தில் துணி, கயிறு, ஆள், வாகனம் என்று ஓர் ஏற்பாட்டு வேலையைப் பிறப்பிக்கிறது.

இணையத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஓர் அரங்கின் தெளிவான நேரலைக்கு மேலேற்றத்தில் வினாடிக்கு 5 அல்லது 6 மெகாபிற் வேண்டும். ஐந்து அரங்குகளுக்கு 30 வரை. இதைப் பேராளர்களின் வைஃபையோடு கலக்காமல், ஃபைபர் இணைப்பில் தனியாக ஒதுக்கி, வேறொரு நிறுவனத்தின் 4ஜி இணைப்பை மாற்றாக வைக்கவேண்டும்.

கள ஆய்வு நாளில் உள்ளூர் அணியின் மேலாண்மை முழுமையாக இருக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட பாதையைவிட்டு யாரையும் இறக்கக்கூடாது. யானைகள் கடக்கும் காட்டுவழிகளில் பொழுதுபட்ட பின் பஸ் ஓடக்கூடாது. ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பேராளர்கள் வருகையைப் பொறுத்தவரை, 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது தமிழகத்திலிருந்து வருவோருக்குப் பெரிய வசதி. ஆனால் சென்னையிலிருந்து அங்கே வருபவை சுமார் எழுபது இருக்கைகள் கொண்ட சிறு விமானங்கள். கருவிகளைக் கட்டுநாயக்க விமான நிலையம் வழியாகக் கொண்டுவருவதே புத்தி.

மூன்றாவது வழியின் குறையையும் சொல்லவேண்டும். எல்லாம் அந்த ஒருங்கிணைப்பாளரின் தோளில் நிற்கிறது. மாநாட்டுக்கு ஓர் ஆண்டுக்கு முன்பே அவரைத் தெரிந்தெடுத்து, கற்பித்தல் சுமையிலிருந்து விடுவித்து, சமமான அதிகாரமுள்ள ஒரு துணையையும் கொடுக்கவேண்டும். நான்கு நாள் ஒருவரே விழித்திருக்கமுடியாது. அப்படிப்பட்ட ஒருவரை விடுவிக்க நிறுவனம் மறுத்தால், மூன்றாவது வழி பெயரளவில் மட்டும் மூன்றாவதாக இருந்து நடைமுறையில் இரண்டாவதாகிவிடும். அந்த நிலையில் கூடுதல் பணம் கொடுத்து முதல் வழிக்குப் போவதே பேராளர்களுக்குச் செய்யும் நியாயம்.

ஆளைத் தெரிந்தெடுத்த பின்பும் பணம் போதாது என்று வந்தால், எதை வெட்டுவது என்பதையும் இப்போதே முடிவுசெய்யலாம். சிறு அரங்குகளின் நேரலையை விட்டுவிட்டு ஒலிப்பதிவு மட்டும் செய்யலாம். மேடை அலங்காரத்தையும் பேராளர் பையையும் குறைக்கலாம். ஐந்து அரங்குகளை நான்காக்கலாம். கூண்டில் இரண்டாவது உரைபெயர்ப்பாளர், இரண்டாவது மின்பிறப்பாக்கி, வெறுமையாக ஓடிவரும் ஒரு மாற்று பஸ், முந்தின நாள் முழுநேர ஒத்திகை ஆகிய நான்கிலும் கைவைக்கக்கூடாது.